ஒன்பது மணிக்குப் பிறகு காலியான குறிப்புகள்: பயனரின் எடிட்டரை நிரலுக்குள்ளிருந்து திறந்த ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

இராமநாதபுரம் கடற்கரையில், பாக் நீரிணையைப் பார்த்த ஓர் ஊர். விசைப்படகுக்காரர்கள் சேர்ந்து நடத்தும் சங்கத்துக்கு அங்கே ஓர் அறை அலுவலகம் உண்டு. இரண்டு மேசை, உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளம் போட்ட இரண்டு பழைய லேப்டாப். எந்தப் படகு எப்போது கடலுக்குப் போனது, எத்தனை ஆள், எப்போது கரை திரும்பியது, என்ன சரக்கு என்பதை நீளவாக்கு நோட்டில் எழுதி வந்தார்கள். நோட்டின் கடைசிக் கட்டம் ‘குறிப்பு’. வெளியாள் பார்த்தால் அது உதிரிக் கட்டம். ஆனால் நிவாரண மனு எழுதும்போதும், இரண்டு படகுகளின் வலை சிக்கிப் பஞ்சாயத்து வரும்போதும் முதலில் புரட்டப்படுவது அந்தக் கட்டம்தான். ஒரு நாள் குறிப்பு இப்படி இருந்தது: ‘கச்சான் பலம். மடி கிழிஞ்சு பாதிச் சரக்கு போச்சு. பெல்ட் அறுந்து மூணு மணி நேரம் நங்கூரம்.’ கச்சான் என்பது மேல்காற்று, மடி என்பது வலை.

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும். அலுவலகத்திலும் வேலை குறைவு. அந்த இடைவெளியில் நோட்டைக் கணினிக்கு மாற்றித் தரச் சொன்னார்கள். பைத்தான் மொழியில், டெர்மினலில் (கட்டளைகளை எழுத்தாக அடிக்கும் சன்னலில்) ஓடும் சிறிய நிரல் ஒன்றை எழுதினேன். லேப்டாப்புகள் பழையவை, இணையம் அடிக்கடி அறுந்துவிடும். அதனால் வலைப்பக்கம், சர்வர் எதுவும் வேண்டாம் என்று முடிவு செய்திருந்தேன்.

படகு எண், நேரம், பெட்டிக் கணக்கு ஆகியவற்றை டெர்மினலில் கேட்டு வாங்குவதில் சிக்கல் இல்லை. குறிப்பில்தான் முட்டியது. வரிவரியாகக் கேட்கும் முறையில் இரண்டாம் வரிக்கு வந்துவிட்டால் முதல் வரியைத் திருத்த முடியாது. டெர்மினலில் தமிழும் சரியாக நிற்காது. கொம்பும் காலும் எழுத்தை விட்டுப் பிரிந்து தெரியும்; கர்சர் ஓரிடத்தில் இருக்கும், அழிவது வேறிடத்தில். கணக்கு எழுதும் அக்கா இரண்டு நாள் முயன்றார். மூன்றாம் நாள் குறிப்பை ஜிஎடிட் என்ற எடிட்டரில் (உரை எழுதித் திருத்தும் நிரலில்) அடித்து, நகலெடுத்து, டெர்மினலில் ஒட்டிக்கொண்டிருந்தார். நான் செய்ய வேண்டியது என்ன என்பதை அவரே காட்டிவிட்டார்.

முதல் முடிவும் காரணமும்

நிரலுக்குள்ளேயே எழுதும் பெட்டி கட்டலாம் என்று ஒரு யோசனை இருந்தது. கட்டியிருந்தாலும் அது டெர்மினலுக்குள்தான் இருக்கும். தமிழ் அங்கேயும் உடையும். அக்காவின் கைக்குப் பழகிய எடிட்டரையே நிரல் திறந்து, அவர் எழுதி மூடியதும் வாங்கிக்கொள்வதே மேல் என்று தீர்மானித்தேன்.

இது புது வழி இல்லை. நிரல் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் ‘கிட்’, ஒவ்வொரு பதிவுக்கும் குறிப்பு (கமிட் செய்தி) எழுதச் சொல்லும்போது செய்வதும், குறித்த நேரத்தில் தானாக ஓடும் பணிகளைத் திருத்தும்போது ‘க்ரான்டேப்’ செய்வதும் இதைத்தான். நிரல் ஒரு தற்காலிகக் கோப்பை உண்டாக்கும். பயனருக்குப் பிடித்த எடிட்டர் எது என்பதை ‘விஷுவல்’, ‘எடிட்டர்’ என்ற இரண்டு சூழல் மாறிகளில் (நிரல்கள் எடுத்துப் பார்க்கும்படி பெயரிட்டு வைத்த மதிப்புகளில்) பார்க்கும். அந்த எடிட்டரைக் கோப்போடு இயக்கி, அது முடியும்வரை காத்திருந்து, பிறகு கோப்பைப் படிக்கும். ஒன்றுக்கு இரண்டு மாறி எதற்கு என்றால், அது திரைக்குப் பதில் காகிதத்தில் அச்சடிக்கும் டெலிடைப் காலத்து மிச்சம். காகிதத்தில் வரிவரியாக அச்சாகும் முனையத்துக்கு ‘எட்’ போன்ற வரி எடிட்டர். திரை உள்ள முனையத்துக்கு 1976-இல் பில் ஜாய் எழுதிய ‘விஐ’ போன்ற முழுத்திரை எடிட்டர். இன்று இரண்டிலும் ஒரே பெயரைத்தான் எல்லோரும் போடுகிறார்கள். முதலில் ‘விஷுவல்’, இல்லையென்றால் ‘எடிட்டர்’ என்ற வரிசை மட்டும் நிலைத்துவிட்டது.

கோப்பின் தலையில் # குறியோடு படகு எண், தேதி, ‘கீழே எழுதவும்’ என்ற வரிகளை நிரலே போட்டுத் தரும். திரும்ப வாங்கும்போது # வரிகளை நீக்கிவிடும். இதுவும் கிட்டில் பார்த்துப் பழகியது.

தடைக்காலத்திலேயே பிடிபட்ட பிழை

என் வீட்டு லேப்டாப்பில் விம் (விஐயின் வழிவந்த எடிட்டர்) வைத்துச் சோதித்தேன், எல்லாம் ஓடியது. ஜிஎடிட்டில் சோதித்ததும், எழுதியது ஒன்று திரும்பி வந்தது வேறொன்று. நான் போட்டுக் கொடுத்த தலைவரிகள் மட்டுமே திரும்பின.

நான் தற்காலிகக் கோப்பைத் திறந்தே வைத்திருந்து, எடிட்டர் மூடியதும் அதே கைப்பிடியில் (திறந்த கோப்போடு நிரலுக்கு இருக்கும் இணைப்பில்) முதலுக்குப் போய்ப் படித்தேன். ஜிஎடிட் சேமிக்கும்போது பழைய கோப்பின் மேல் எழுதுவதில்லை. பக்கத்தில் புதுக் கோப்பு எழுதி, அதற்குப் பழைய பெயரை வைக்கும். மின்சாரம் பாதியில் போனாலும் பழையதோ புதியதோ ஒன்று முழுசாக மிஞ்ச வேண்டும் என்பதற்கான நல்ல ஏற்பாடு அது. ஆனால் என் நிரல் பிடித்துக்கொண்டிருந்தது, பெயர் போன பழைய கோப்பை.

விம்மும் பொதுவாக இப்படிப் பெயர் மாற்றிச் சேமிக்கக்கூடியதுதான். அப்படியானால் சோதனையில் ஏன் தப்பியது என்று அரை நாள் தேடினேன். தற்காலிகக் கோப்புகளுக்கான டெம்ப் கோப்புறையில் உள்ள கோப்புகளுக்கு மட்டும் விம் காப்புப் பிரதி எடுப்பதில்லை. அதனால் அங்கே அதே கோப்பின் மேலேயே எழுதிவிடுகிறது. நான் சோதித்தது அங்கேதான். எடிட்டரை இயக்கும் முன் கோப்பை மூடிவிடுவது, முடிந்ததும் பெயரைச் சொல்லிப் புதிதாகத் திறந்து படிப்பது என்று மாற்றினேன். எடிட்டர் ஒன்றில் ஓடிவிட்டால் எல்லாவற்றிலும் ஓடும் என்ற நினைப்பை அப்போதே விட்டிருக்க வேண்டும். விடவில்லை.

ஜூன் 15-க்குப் பிறகு

படகுகள் கடலுக்குப் போயின. இந்தப் பக்கம் காலையில் போகும் படகு மறுநாள் காலையில் கரை பிடிக்கும். விடிந்ததிலிருந்து அலுவலகத்தில் கூட்டம். நோட்டையும் கூடவே எழுதுங்கள் என்று சொல்லியிருந்தேன். தீபாவளிவரை அது நிற்கக் கூடாது என்பது செயலாளரின் கட்டளையும்கூட. அந்த ஒரு கட்டளை பிறகு எங்களைக் காப்பாற்றியது.

இரண்டாம் வாரம் அக்கா போனில் சொன்னார்: “தம்பி, எழுதி சேவ் பண்ணித்தான் மூடுறேன். பிறகு பார்த்தா குறிப்பு காலின்னு காட்டுது.”

நான் கேட்ட முதல் கேள்வி, “சேவ் பண்ணாம மூடிட்டீங்களாக்கா?” இதை இங்கே பதிய வேண்டியிருக்கிறது. நான் கேட்ட தோரணையில் அவர் இரண்டு நாள் போன் செய்யவில்லை. அந்த இரண்டு நாள் குறிப்புகளும் காலியாகவே போயின. அதே போனில் அவர் இன்னொன்றும் சொல்லியிருந்தார்: “சில நேரம் படகு நம்பர் போட்ட வரியே வரல. வெறும் தாளா தெறக்குது.” அதை நான் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

மூன்றாம் நாள் நேரில் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஏழு மணிக்கு முதல் குறிப்பு. ஜிஎடிட் திறந்தது, எழுதினார், சேமித்தார், மூடினார், நிரலில் ஏறியது. இரண்டாவதும் மூன்றாவதும் அப்படியே. அவர் என்னைப் பார்க்கவில்லை, நானும் ஒன்றும் சொல்லவில்லை. ஒன்பது மணி வாக்கில் ஏலம் சூடு பிடித்தது. கம்பெனிக்காரர் சொன்ன இறால் விலையையும் நண்டு விலையையும் குறிக்க, விலைப் பட்டியல் கோப்பை ஜிஎடிட்டில் திறந்து திரையின் மூலையில் ஒதுக்கி வைத்தார். சாயங்காலம் வரை அது அங்கேயேதான் இருக்கும்.

அடுத்த குறிப்பு. எடிட்டர் திறந்த கணத்திலேயே, அவர் ஓர் எழுத்தும் தட்டும் முன்பே, பின்னால் டெர்மினலில் ‘குறிப்பு பதிவாகிவிட்டது’ என்ற வரி விழுந்தது. இருவரும் சேர்ந்துதான் பார்த்தோம்.

என்ன நடந்தது

ஜிஎடிட் ஏற்கெனவே ஒரு சன்னலில் ஓடிக்கொண்டிருந்தால், இரண்டாவதாக இயக்கும் ஜிஎடிட் தானாக எதையும் திறக்காது. ‘இந்தக் கோப்பையும் திற’ என்று ஓடிக்கொண்டிருப்பதிடம் சொல்லிவிட்டு உடனே முடிந்துவிடும். என் நிரல் காத்திருந்தது அந்தத் தூதனுக்காக. தூதன் திரும்பியதும் எழுதி முடித்தாயிற்று என்று எண்ணி, கோப்பைப் படித்து, காலி என்று பதிந்து, கோப்பை அழித்தும் விட்டது. ஜிஎடிட் கோப்பை வாசிக்கும் முன்பே நிரல் அழிப்பில் முந்திக்கொண்ட வேளைகளில்தான் அக்காவுக்கு வெறும் தாள் திறந்திருக்கிறது. அவர் சொன்னதில் ஒரு சொல்லும் பிசகில்லை.

காலையில் விலைப் பட்டியல் திறக்கும் முன் ஓடுவது முதல் ஜிஎடிட். அது மூடும்வரை நிரலும் காத்திருக்கும். பதிவேட்டில் நேர முத்திரை இருந்தது. போன் வந்த அன்றே அதைப் பார்த்திருந்தால், ஒன்பதுக்கு முன் உள்ளவை நிறைவாகவும் பின் உள்ளவை காலியாகவும் இருப்பது பளிச்சென்று தெரிந்திருக்கும். என் வீட்டில் சோதித்தபோது வேறு ஜிஎடிட் சன்னல் எதுவும் திறந்திருக்கவில்லை. பயனரின் மேசை எப்படிக் கிடக்கும் என்பது என் சோதனையில் இல்லவே இல்லை.

அன்றைய குறிப்புகள் டெம்ப் கோப்புறையில் அனாதையாகக் கிடந்தன. நிரல் அழித்த பிறகும் அக்கா சேமித்தபோது அதே பெயரில் புதுக் கோப்பு உருவாகியிருந்தது. அவற்றை எடுத்துப் பதிவேற்றினோம். முந்தைய நாட்களின் குறிப்புகள் இல்லை. தினமும் மாலையில் லேப்டாப்பை அணைப்பார்கள், மறுநாள் இயங்கும்போது உபுண்டு டெம்ப் கோப்புறையைத் துடைத்துவிடும். அவற்றை நோட்டைப் பார்த்துத் திரும்ப அடிக்க இரண்டு மாலை பிடித்தது. நானும் உட்கார்ந்து அடித்தேன்.

எடுத்த முடிவுகள்

முதலாவது, எடிட்டரை ‘ஸ்டாண்டலோன்’ என்ற தெரிவோடு (கட்டளைக்குப் பின் சேர்க்கும் சொல்லோடு) இயக்குவது. அப்போது குறிப்புக்கென்று தனி ஜிஎடிட் ஓடும், அதை மூடினால் முடியும். இன்னொரு லேப்டாப்பில் வேலை பார்க்கும் தம்பி விஎஸ் கோட் என்ற எடிட்டர் பழகியவர். அதுவும் இயல்பாக உடனே திரும்பிவிடும். ‘வெயிட்’ தெரிவு கொடுத்தால் கோப்பை மூடும்வரை நிற்கும்.

தெரிவு சேர்த்ததும் இன்னொன்று உடைந்தது. மாறியில் இருந்த முழுத் தொடரையும் ஒரே கட்டளைப் பெயராக நிரல் எடுத்துக்கொண்டு, அப்படி ஒன்று இல்லை என்றது. கிட் இதை ஷெல்லிடம் (கட்டளையைப் படித்து இயக்கும் நிரலிடம்) விட்டுவிடுகிறது. நான் ஷெல் விதிப்படி இடைவெளியில் பிரித்துத் தரும் ‘ஷ்லெக்ஸ்’ என்ற பைத்தான் கருவி வழியாகப் பிரித்து, கோப்பின் பெயரைக் கடைசியில் தனிச் சொல்லாகச் சேர்த்தேன். பெயரில் இடைவெளி இருந்தாலும் அப்போது பிளவுபடாது.

இரண்டாவது முடிவுதான் எனக்கு முக்கியமாகப் படுவது. எந்த எடிட்டருக்கு எந்தத் தெரிவு என்று பட்டியல் போட்டு முடியாது. நாளைக்கு அக்கா வேறொன்றுக்கு மாறலாம். ஆகவே எடிட்டர் இரண்டு நொடிக்குள் திரும்பி, கோப்பிலும் மாற்றம் இல்லை என்றால், நிரல் அதை ‘காலிக் குறிப்பு’ என்று எடுத்துக்கொள்ளாது. ‘எழுதி, சேமித்து, மூடிய பிறகு எண்டர் தட்டவும்’ என்று கேட்டு நிற்கும். எடிட்டர் பிழைக் குறியோடு முடிந்தாலும் குறிப்பு மாறாது. விம்மில் வேண்டாம் என்று வெளியேறுபவர்களுக்கு இதனால் ஒரு வழி கிடைக்கிறது.

மூன்றாவது, கோப்பை அழிப்பதில்லை. டெம்ப் கோப்புறையை விட்டு, பயனரின் சொந்தக் கோப்புறைக்குள் ‘வரைவு’ என்று ஓர் இடம். மற்றவர் படிக்க முடியாத அனுமதியோடு, படகு எண்ணும் நேரமும் பெயரில் வரும்படி அங்கே கிடக்கும்.

கன்ட்ரோல்-சி

ஜூலையில் வேறொரு இழப்பு. நீண்ட குறிப்பு ஒன்றின் நடுவில் அக்காவுக்கு இன்னொரு படகின் பதிவு எண் தேவைப்பட்டது. டிஎன்-10 என்று நடுவில் வரும் அந்த எண்களை மனப்பாடமாக அடிப்பது சிரமம். டெர்மினலில் தெரிந்த எண்ணைத் தேர்ந்து, நகலெடுக்கக் கன்ட்ரோல்-சி அழுத்தினார். டெர்மினலில் அது நகல் இல்லை, நிறுத்து என்ற சமிக்ஞை. அது நிரலுக்கு மட்டும் போகாது. அதே குழுவில் ஓடும் எடிட்டருக்கும் போகும். இரண்டும் ஒரே நொடியில் மறைந்தன. சேமிக்காத குறிப்பு போனது போனதுதான்.

எடிட்டரை இயக்கும் முன் அந்தச் சமிக்ஞையைப் புறக்கணிக்கச் சொல்லி, எடிட்டர் முடிந்ததும் பழையபடி மாற்றும்படி செய்தேன். புறக்கணிப்பு, நிரல் இயக்கும் பிள்ளைச் செயல்முறைக்கும் இறங்கும், ஆகவே ஜிஎடிட் தப்பிக்கும். டெர்மினலுக்குள்ளேயே ஓடும் விம், நேனோ போன்ற எடிட்டர்கள் தங்கள் விசைகளைத் தாங்களே பார்த்துக்கொள்ளும். டெர்மினலில் நகலெடுக்க ஷிஃப்டும் சேர்த்து அழுத்த வேண்டும் என்று அக்காவின் மேசையில் ஒரு சீட்டும் ஒட்டினேன். சீட்டு ஒரு வாரத்தில் விழுந்துவிட்டது.

ஐகான் வைத்த வினை

டெர்மினல் திறந்து கட்டளை அடிப்பது தொல்லை என்று டெஸ்க்டாப்பில் ஐகான் வைத்தேன். அடுத்த நாள் அக்கா விடுப்பு, செயலாளர் உட்கார்ந்தார். அறுபது தாண்டியவர், கடலில் முப்பது வருடம் இருந்தவர். குறிப்பு என்றதும் ஜிஎடிட் வரவில்லை. கறுப்புத் திரையும் இடப்பக்கம் அலைக்குறிகளும் வந்தன. அடித்தது எதுவும் ஏறவில்லை, சில எழுத்துக்கு வரிகள் காணாமல் போயின. கடைசியில் சன்னலையே மூடிவிட்டு நோட்டில் எழுதிவைத்தார். மாலையில் என்னிடம், “தம்பி, உள்ள போக வழி இருக்கு, வெளிய வர வழி இல்லையே” என்றார்.

‘எடிட்டர்’ மாறியை நான் வைத்திருந்தது பேஷ் என்ற ஷெல்லின் அமைப்புக் கோப்பில். அது ஷெல் திறக்கும்போதுதான் படிக்கப்படும். ஐகான் நேரே நிரலை இயக்கியது, நடுவில் ஷெல் இல்லை, மாறியும் இல்லை. மாறி இல்லையென்றால் விஐ என்று நான் எழுதி வைத்திருந்தேன். கிட் பொதுவாக அப்படித்தான் செய்கிறது என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் என்னிடம் இல்லை.

இப்போது முதல் முறை ஓடும்போதே நிரல் கேட்கும்: ‘எதில் எழுதுவீர்கள்?’ கணினியில் இருக்கும் எடிட்டர்களை மட்டும் காட்டும். தேர்ந்ததும் ஒரு சோதனைக் குறிப்பு எழுதச் சொல்லும். அது சரியாகத் திரும்பி வந்தால்தான் தேர்வைத் தன் அமைப்புக் கோப்பில் எழுதிக்கொள்ளும். தேர்வு இல்லாத இடத்தில் ‘விஷுவல்’, பிறகு ‘எடிட்டர்’, கடைசியில் நேனோ. நேனோவில் வெளியேறும் விசை திரையின் அடியிலேயே எழுதியிருக்கும்.

பின் நிலவரம்

ஆகஸ்ட் முதல் காலிக் குறிப்பு வரவில்லை. தீபாவளி வரை நோட்டோடு ஒப்பிட்டே பார்த்தோம். ஒரே ஒரு குறிப்பில் இரண்டு வரி குறைந்தது. அக்கா வலைகளை ‘#1’, ‘#2’ என்று எண்ணிட்டு எழுதியிருந்தார். நிரல் அவற்றைத் தலைவரி என்று நினைத்து நீக்கிவிட்டது. தலைவரிகளைக் கீழே இறக்கி, ‘இந்தக் கோட்டுக்குக் கீழே உள்ளவை பதிவாகாது’ என்று ஒரு வெட்டுக்கோடு போட்டேன்.

பக்கத்து ஊர்ச் சங்கம் தங்கள் விண்டோஸ் 7 கணினிக்கும் கேட்டார்கள். அங்கே நோட்பேட். 2019-இல் வந்த விண்டோஸ் 10-இன் 1903 பதிப்புக்கு முந்தைய நோட்பேட், புதுக் கோப்பை இயல்பாகத் தமிழுக்கு இடமில்லாத பழைய ஆன்சி முறையில்தான் சேமிக்கும். தமிழ் முழுவதும் கேள்விக்குறி ஆகிவிடும். எல்லா மொழி எழுத்தும் அடங்கும் யூடிஎஃப்-8 முறையைத் தேர்ந்தால் கோப்பின் தலையில் கண்ணுக்குத் தெரியாத மூன்று பைட் ஒட்டிக்கொள்ளும். படிக்கும்போது அந்த மூன்றையும் கழிப்பது எளிது. ஆனால் கேள்விக்குறியான தமிழை எதைக்கொண்டும் மீட்க முடியாது என்பதால், வேறு எடிட்டர் போடும்வரை தர மறுத்துவிட்டேன்.

மறுபடி செய்தால்

நிரலை ஒப்படைக்கும் முன் ஒரு முழுக் காலை, ஏழிலிருந்து பதினொன்று வரை, அக்காவின் மேசையில் உட்காருவேன். ‘சேவ் பண்ணீங்களா’ என்று கேட்கும் முன் நேர முத்திரையைப் பார்ப்பேன். எடிட்டர் எத்தனை நொடி ஓடியது, என்ன குறியோடு முடிந்தது, கோப்பு மாறியதா என்ற மூன்றையும் முதல் நாளிலிருந்தே பதிவு செய்வேன். இது இருந்திருந்தால் நான் பஸ் ஏறிப் போக வேண்டியே இருந்திருக்காது.

‘வரைவு’ கோப்புறையை என்ன செய்வது என்பது மட்டும் பாக்கி. முப்பது நாளுக்கு மேற்பட்டதை அழிக்கட்டுமா என்று அக்காவிடம் கேட்டேன். “கெடக்கட்டும் தம்பி, சோறா கேக்குது” என்றார். இன்னும் அழிக்கவில்லை.